இத்தாலி 1978: ஒரு வருடத்துச் செய்தியும் சாவும்

#1 பழையபேப்பர் சேகர்

மக்களே, வணக்கம். எங்கள் தெரு நூலகத்து வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதும் வேலை இந்த முறை என் தலையில் விழுந்தது. "ஒரே ஆண்டில் மூன்று போப்பாண்டவர்கள் இருந்தது எப்போது?" என்று எழுதி, விடை 1978 என்று போட்டேன். அதோடு விட்டிருக்கலாம். அந்த வருடம் இத்தாலியில் வேறென்ன நடந்தது என்று தோண்டப் போய் மூன்று ராத்திரித் தூக்கம் போச்சு.

மார்ச் 16, ரோம். முன்னாள் பிரதமர் அல்தோ மோரோவை ரெட் பிரிகேட்ஸ் என்ற தீவிர இடதுசாரிக் குழு காலை நேரத்தில் நடுத்தெருவில் கடத்துகிறது. மெய்க்காவலர் 5 பேர் அதே இடத்தில் பலி. 55ஆம் நாள், மே 9 அன்று, ஒரு சிவப்பு ரெனோ 4 காரின் பின்பக்கத்தில் மோரோவின் உடல். ஜூன் 15 அன்று ஜனாதிபதி ஜொவான்னி லியோனே ராஜினாமா. லாக்ஹீட் விமான பேரத்தில் பெயர் அடிபட்டது. ஜூலை 8, 81 வயது சாந்த்ரோ பெர்த்தினி புது ஜனாதிபதி. ஆகஸ்ட் 6 ஆறாம் பவுல் காலமானார். ஆகஸ்ட் 26 அல்பினோ லூச்சானி முதலாம் ஜான் பால் ஆனார். 33 நாளில் அவரும் போய்விட்டார். அக்டோபர் 16 போலந்துக்காரர் இரண்டாம் ஜான் பால் வந்தார்.

இதற்கு நடுவே எழுத்தாளர் இன்யாத்சியோ சிலோனே, ஓவியர் ஜோர்ஜோ தெ கீரிக்கோ, வடதுருவத்துக்கு ஆகாயக் கப்பல் ஓட்டிய உம்பெர்த்தோ நோபிலே என்று பெரிய தலைகள் மூன்று. நோபிலே மேல் எனக்குத் தனிப் பிரியம். மனிதர் துருவத்துக்குப் போகும்போது தீத்தீனா என்ற குட்டி நாயையும் கூட்டிக்கொண்டு போனவர்.

ஒரு நாடு இத்தனையையும் ஒரே வருடத்தில் எப்படித் தாங்கியது? விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். விட்டுப்போனதையும் சொல்லுங்கள்.

#2 காதர் பாய்

உலகக் கோப்பையை விட்டுட்டீங்களே அண்ணே! அந்த ஜூன் மாசம் அர்ஜென்டினாவில் நடந்தது. கோப்பையைத் தூக்கின அர்ஜென்டினா அந்தத் தொடரில் தோத்தது ஒரே ஒரு மேட்ச், அதுவும் இத்தாலிகிட்ட. 1-0, பெத்தேகா அடிச்ச கோல். பவுலோ ரோசி அப்போ 21 வயசுப் பையன். கடைசியில் நாலாவது இடம்தான், ஆனா 1982இல் கோப்பை ஜெயிச்சதுக்கு விதை போட்டது அங்கேதான்.

சாவுக் கணக்கில் ரோனி பீட்டர்சனையும் சேருங்க. செப்டம்பர் 10, மோன்ஸா கார் பந்தயம், ஆரம்பத்திலேயே மோதி வண்டி தீப்பிடிச்சது. ஜேம்ஸ் ஹன்ட் ஓடிப்போய் வெளியே இழுத்தார். கால்தான் உடைஞ்சிருக்கு, பிழைச்சுக்குவார்னு எல்லாரும் நினைச்சாங்க. மறுநாள் மிலானில் போயிட்டார். ஸ்வீடன்காரர்தான், ஆனா செத்தது இத்தாலி மண்ணில்.

#3 முத்துவேல்

சேகர், கடத்தல் தேதியைக் கவனியுங்கள். மார்ச் 16 காலையில் மோரோ வீட்டைவிட்டுக் கிளம்பியது நாடாளுமன்றத்துக்கு. அந்த்ரியோத்தியின் புது அரசு அன்றுதான் நம்பிக்கை வாக்குக் கேட்கிறது. என்ரிக்கோ பெர்லிங்குவரின் கம்யூனிஸ்ட் கட்சி அந்த அரசை ஆதரித்து ஓட்டுப் போட ஒப்புக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட கட்சி அது. தன்னுடைய கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர்களை மாதக்கணக்கில் உட்கார்த்திவைத்துப் பேசிப் பேசி இதற்குச் சம்மதிக்க வைத்தவர் மோரோ. அடுத்த ஜனாதிபதி அவர்தான் என்ற பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. இடது தீவிரவாதிகளுக்கும் அந்தச் சமரசம் பிடிக்கவில்லை, வலதுகளுக்கும் பிடிக்கவில்லை, அமெரிக்காவுக்கும் பிடிக்கவில்லை, மாஸ்கோவுக்கும் பிடிக்கவில்லை. ஆக, மனிதருக்கு எதிரி நாலு திசையிலும்.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன், எனக்கு அதுதான் வயிற்றைப் பிசையும். கடத்தல் நடந்த ஃபானி தெரு முனையில் தினமும் ஒரு பூக்காரர் வேன் நிறுத்தி வியாபாரம் செய்வார். முந்தின ராத்திரி அவர் வீட்டு வாசலிலேயே வேனின் டயர்களைக் கிழித்துவிட்டார்கள், காலையில் அவர் அங்கே நிற்கக்கூடாது என்று. விமானப் பணியாளர் சீருடை மாதிரி உடுத்திக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றவர்கள், சில நிமிடத்தில் 90 ரவுண்டுக்கு மேல் சுட்டார்கள். பூக்காரர் தப்பினார். 5 காவலர்கள் தப்பவில்லை. அவர்களை "5 பேர்" என்று தாண்டிப் போகாதீர்கள்: ஒரெஸ்தே லியோனார்தி, தொமேனிகோ ரிச்சி, ரஃபாயேலே இயோத்சினோ, ஜூலியோ ரிவேரா, பிரான்செஸ்கோ சித்சி.

மோரோவைச் சாகக் கொடுத்தது அவருடைய சொந்தக் கட்சி. பேசியிருந்தால் உயிரோடு வந்திருப்பார்.

#4 ஸ்ரீரங்கம் ராகவன்

முத்துவேல் சார், முதல் பத்தி வரைக்கும் உங்களோடு வந்தேன். கடைசி வரியில் இறங்கிவிட்டேன்.

ரெட் பிரிகேட்ஸ் கேட்டது என்ன? சிறையிலிருக்கும் 13 பேரை விடு. யார் அந்த 13 பேர்? அதே மாதங்களில் தூரின் நகரத்தில் அந்த இயக்கத்தை ஆரம்பித்தவர்கள் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஜூரியாக உட்கார ஆள் கிடைக்கவில்லை. கூப்பிட்டவர்களெல்லாம் "மனச்சோர்வு" என்று டாக்டர் சர்டிபிகேட் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவ்வளவு பயம். அந்த ஊரில் பயத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்த சாதாரணக் குடிமக்கள் ஜூன் 23 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். உள்ளே இருப்பவனை அரசே திறந்துவிட்டிருந்தால் அந்த ஜூரிகளின் முகத்தில் எப்படி விழிப்பது? சுடப்பட்ட 5 காவலர்களின் வீட்டுக்கு என்ன பதில்? உங்கள் பெர்லிங்குவரே பேச்சுவார்த்தை கூடாது என்றுதான் நின்றார் என்பதை வசதியாக விட்டுவிட்டீர்கள். பேசலாம் என்றது சோஷலிஸ்ட் கிராக்ஸி.

#5 முத்துவேல்

விடவில்லை, வந்துகொண்டிருந்தேன். பெர்லிங்குவர் அப்படித்தான் நின்றார். கம்யூனிஸ்ட்டுகள் கொஞ்சம் வளைந்திருந்தாலும் "அவனும் இவனும் ஒன்று" என்று சொல்லியிருப்பார்கள். அது எனக்குப் புரிகிறது.

ஆனால் ராகவன், 1981க்கு வாருங்கள். நேப்பிள்ஸில் சிரோ சிரில்லோ என்ற கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரரை அதே ரெட் பிரிகேட்ஸ் கடத்தியது. இந்த முறை கொள்கை எங்கே போனது? கமோரா என்ற நேப்பிள்ஸ் மாபியாவின் தாதா குத்தோலோவையே நடுவில் வைத்துப் பேசி, பணம் கொடுத்து, சுமார் மூன்று மாதத்தில் ஆளை மீட்டார்கள். உள்ளூர்ப் பிரமுகருக்கு ஒரு நியாயம், அரசியலை மாற்றப் பார்த்தவருக்கு ஒரு நியாயமா?

#6 ஸ்ரீரங்கம் ராகவன்

சிரில்லோ விஷயம் அசிங்கம்தான். 1981இல் தப்புச் செய்தார்கள் என்பதற்காக 1978இல் செய்ததும் தப்பு என்று ஆகிவிடாது. ஆனாலும் அந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கும் கசக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

#7 சான்று வேண்டும்

மூன்று திருத்தம்.

சேகர், 5 பேரும் அதே இடத்தில் இறக்கவில்லை. சித்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகு இறந்தார். அடுத்து, மோரோவின் உடல் கிடந்த கயத்தானி தெரு கிறிஸ்தவ ஜனநாயக, கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகங்கள் இரண்டுக்கும் "சரியாக நடுவில்" என்று எல்லாரும் எழுதுவார்கள், இங்கே யாரும் எழுதுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: இரண்டுக்கும் பக்கம், அவ்வளவுதான். டேப் வைத்து அளந்த மாதிரி நடுவில் இல்லை.

மூன்றாவது, ஆவி கதை. அதை யாராவது புருடா என்று சொல்வதற்குள் சொல்கிறேன், அது பதிவில் இருப்பது. ஏப்ரல் 2 அன்று பொலோன்யா பக்கத்தில் ஒரு பண்ணை வீட்டில் பேராசிரியர்கள் சிலர் கூடி, தட்டை நகர்த்தி ஆவியிடம் கேட்டதாகவும் "கிராதொலி" என்று பெயர் வந்ததாகவும் சொன்னார்கள். அதில் ஒருவர் ரொமானோ புரோதி, பின்னாளில் பிரதமர். போலீஸ் என்ன செய்தது? கிராதொலி என்ற கிராமத்துக்குப் படையோடு போய்ச் சல்லடை போட்டது. ரோம் நகரத்துக்குள்ளேயே கிராதொலி தெரு இருந்தது. ரெட் பிரிகேட்ஸின் வீடு அங்கேதான் இருந்தது. அதைவிடக் கொடுமை, கடத்தல் நடந்த இரண்டாம் நாளே போலீஸ் அந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. யாரும் திறக்கவில்லை என்று திரும்பிவிட்டார்கள். ஏப்ரல் 18 அன்று அந்த வீட்டுக் குளியலறைத் தண்ணீர் கீழ்வீட்டுக்குள் ஒழுகி, தீயணைப்புக்காரர்கள் உள்ளே போனபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. ஒழுகவில்லை, ஒழுகவிட்டார்கள் என்பவர்களும் உண்டு. ஷவர் குழாயைத் துடைப்பத்தில் முட்டுக்கொடுத்துச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்களாம்.

ஆவி என்று சொன்னதே உண்மையில் தகவல் தந்த ஆளை மறைக்கத்தான் என்பது பலர் சந்தேகம். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பேராசிரியர்கள் தட்டு நகர்த்தினார்கள் என்பதை நம்புவதைவிட அது சுலபம்.

#8 மட்டுறுத்துநர்

பி2 லாட்ஜ் என்ற ரகசிய மேசன் சங்கம், சிஐஏ, கேஜிபி பற்றி வந்த நாலு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அடித்துக்கொள்வதை அங்கே வைத்துக்கொள்ளவும்.

#9 பலெர்மோ பவானி

எல்லாருக்கும் வணக்கம். கனநாளாய் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். மே 9 எண்டு கண்டாப்பிறகு எழுதாமல் இருக்க முடியேல்லை.

நான் இருக்கிறது சிசிலியிலை, பலெர்மோவிலை. எங்கட ஆக்கள் இஞ்சை கனபேர். இந்த ஊரின்ரை காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின்ரை மலைக்கு ஏறிற கூட்டத்திலை சைவச் சனமும் நிக்கும், நானும் நிண்டிருக்கிறன். சரி, விசயத்துக்கு வாறன்.

சேகர் அண்ணை, உங்கட மே 9இலை ஒரு ஆள் குறையுது. அண்டைக்கு மத்தியானம் ரோமிலை மோரோவின்ரை உடம்பு எடுத்தவை. அதுக்கு முதல், விடியப்புறம், இஞ்சை சினிசி எண்ட ஊரிலை ரெயில் தண்டவாளத்திலை இன்னொரு பெடியன்ரை உடம்பு துண்டு துண்டாய்க் கிடந்தது. பெப்பினோ இம்பஸ்தாத்தோ, வயது 30. முதல் நாள் இரவு பிடிச்சு அடிச்சு, தண்டவாளத்திலை கிடத்தி, வெடி வைச்சவை.

பெப்பினோ பிறந்ததே மாபியாக் குடும்பத்திலை. தகப்பனும் மாபியா ஆள். சொந்தக்காரர் ஒருத்தர், சேசரே மன்செல்லா, ஊரின்ரை பெரிய தலை. 1963இலை காருக்குள்ளை வைச்ச குண்டிலை செத்தவர். அந்தச் செத்தவீட்டோடை பெப்பினோவுக்கு மனம் திரும்பிட்டுது எண்டு சொல்லுவினம். தகப்பன் வீட்டைவிட்டுக் கலைச்சார். பெப்பினோ விடேல்லை. விமான நிலையத்தின்ரை மூண்டாவது ஓடுபாதைக்கு எண்டு சினிசிக் கமக்காரரின்ரை காணியளை எடுத்தபோது அவையளோடை நிண்டவர். 1977இலை "ரேடியோ அவுத்" எண்டு ஒரு சின்ன வானொலி தொடங்கினவர். அதிலை மாபியாத் தலைவன் கயத்தானோ பாதலமெந்தியைப் பேர் சொல்லி நக்கலடிப்பார். "தோரோ செதூத்தோ" எண்டால் செவ்விந்தியத் தலைவர் சிட்டிங் புல். பெப்பினோ அதை "தானோ செதூத்தோ" எண்டு மாத்தி, குந்தியிருக்கிற தானோ எண்டு கூப்பிடுவார். ஊருக்குப் பேர் "மாபியாப்பட்டணம்". ஒவ்வொரு கிழமையும் ஊர்ச் சனம் கதவைச் சாத்திப்போட்டு அதைக் கேட்டுச் சிரிக்கும். சிரிச்சது தெரிஞ்சால் பிழை, அதாலை கதவைச் சாத்திறது.

பாதலமெந்தியின்ரை வீடும் இவையின்ரை வீடும் ஒரே தெரு. நூறு காலடி எண்டு கணக்கு. மகளின்ரை பள்ளிக்கூடத்திலை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போனபோது துணைக்கு நானும் போனனான். மகள் எண்ணிக்கொண்டு நடந்தா. அவவின்ரை கால் சின்னன், பாதி வழியிலேயே நூறு முடிஞ்சுபோச்சு. "அம்மா, இவை பொய் சொல்லினம்" எண்டு நடுத்தெருவிலை நிண்டு கத்தினா. வளர்ந்த ஆளின்ரை காலடி பிள்ளை எண்டு சமாளிச்சன்.

அவர் செத்த அண்டைக்கு என்ன சொன்னவை தெரியுமோ? தண்டவாளத்துக்குக் குண்டு வைக்கப் போன தீவிரவாதி, கை தவறி வெடிச்சுச் செத்தான் எண்டு. இல்லாட்டில் தற்கொலை எண்டு. நாடு முழுக்க மோரோவை நினைச்சுக்கொண்டு நிக்கேக்கை, இடதுசாரிப் பெடியன் வெடியோடை செத்தான் எண்டால் ஆர் இரண்டாம் முறை கேக்கப் போகினம்? அவரின்ரை சிநேகிதப் பெடியள்தான் தண்டவாளத்தைச் சுத்திப் பொறுக்கினவை. பக்கத்துக் குடிலுக்குள்ளை இரத்தம் பட்ட கல்லுக் கண்டெடுத்தவையும் அவைதான்.

அந்தக் கிழமையே, மே 14இலை, ஊராட்சித் தேர்தல். பெப்பினோ வேட்பாளர். செத்த ஆளுக்குச் சனம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்தது. தாய் ஃபெலிச்சியா மாபியாச் சொந்தங்களை ஒரேயடியாய் வெட்டிப்போட்டு வழக்கோடை நிண்டா. தீர்ப்பு வர 2002 ஆச்சு, பாதலமெந்திக்கு ஆயுள். அது மட்டும் உயிரோடை இருந்து பாத்தா. 2004இலை அந்த மனிசி செத்தவ. அதே வருசம் பாதலமெந்தியும் அமெரிக்கச் சிறையிலை செத்தான்.

முத்துவேல் அண்ணை 5 காவலர்களின்ரை பேரைச் சொன்னது எனக்குச் சந்தோசம். இந்தப் பேரையும் சேருங்கோ.

#10 பழையபேப்பர் சேகர்

அக்கா, மே 9 என்ற வரியைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். இந்தப் பெயர் என் கண்ணில் படவே இல்லை. நான் பார்த்த பட்டியல்களில் ஒரு நாளைக்கு ஒரு வரிதான் இருந்தது.

#11 அருள்தாஸ், நாகர்கோவில்

போப்பாண்டவர் இல்லாமல் இந்த இழை எப்படி முடியும்? எங்கள் பாட்டிக்கு ஆறாம் பவுல் கடைசிவரை "ஆறாம் சின்னப்பர்"தான். அடுத்தடுத்து இரண்டு துக்க மணி அடித்ததைச் சொல்லிச் சொல்லி மாய்வார்.

மோரோவும் ஆறாம் பவுலும் இளமைக் காலத்துப் பழக்கம். கத்தோலிக்க மாணவர் இயக்கத்தில் ஆரம்பித்தது. கடத்தியவர்களை நோக்கி, "ரெட் பிரிகேட்ஸ் மனிதர்களே" என்று போப்பாண்டவர் தன் கையால் கடிதம் எழுதினார், நிபந்தனை இல்லாமல் விட்டுவிடுங்கள் என்று. பலிக்கவில்லை. மோரோவின் குடும்பம் அரசு மரியாதை வேண்டாம், துக்கநாள் வேண்டாம், பதக்கம் வேண்டாம், எங்களுக்கு மௌனம் போதும் என்று சொல்லி, மறுநாளே ஒரு சின்ன ஊரில் அடக்கம் செய்துவிட்டது. அரசு கேட்கவில்லை. மே 13 அன்று லாத்தரன் பேராலயத்தில் இறுதிச் சடங்கு நடத்தியது. பெட்டி இல்லை, உடல் இல்லை, குடும்பம் இல்லை. எந்தத் தலைவர்கள் பேச மறுத்தார்களோ அவர்கள் முன்வரிசையில். 80 வயதுப் போப்பாண்டவர் நாற்காலியில் தூக்கிவரப்பட்டு, கடவுளைப் பார்த்தே கேட்டார்: இந்த நல்ல, சாந்தமான மனிதருக்காக, என் நண்பருக்காக நாங்கள் மன்றாடியதை நீர் கேட்கவில்லையே என்று. ஒரு போப் பலிபீடத்தில் நின்று இப்படி முறையிட்டதை நான் வேறெங்கும் படித்ததில்லை. மூன்று மாதத்துக்குள் அவரும் போய்விட்டார்.

லூச்சானி பற்றி ஒரு வார்த்தை. மலைக்கிராமத்துக்காரர், அப்பா பிழைப்புக்கு ஊர் ஊராகப் போன தொழிலாளி. முடிசூட்டு விழா வேண்டாம் என்றார். கடவுள் நமக்கு அப்பா, அதற்கும் மேலே அம்மா என்று செப்டம்பர் 10 அன்று ஜன்னலில் நின்று சொன்னார். அவர் இறந்துகிடந்ததை முதலில் பார்த்தது ஒரு கன்னியாஸ்திரி. வத்திக்கானோ செயலாளர் சாமியார் பார்த்தார் என்று முதலில் அறிவித்தது, ஒரு பெண் அறைக்குள் போனார் என்று சொல்லக் கூச்சப்பட்டு. அந்த ஒரு சின்னப் பொய்யில் முளைத்ததுதான் அத்தனை விஷம் வைத்த கதைகளும்.

#12 சான்று வேண்டும்

அருள்தாஸ் ஐயா, வத்திக்கான் தனி நாடு. லூச்சானி இறந்தது இத்தாலியில் இல்லை. பட்டியலில் சேர்க்கலாமா?

#13 அருள்தாஸ், நாகர்கோவில்

தம்பி, பிறந்தது இத்தாலி, பேசியது இத்தாலி, சாப்பிட்டது இத்தாலி. இறந்த கட்டில் மட்டும் வேறு நாடு. விட்டுவிடு. இனிமேல் அந்தக் கணக்கு வராதபடி அக்டோபரில் போலந்துக்காரரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், இத்தாலியர் அல்லாதவர் வந்தது 455 வருடத்தில் முதல் முறை. மாடத்தில் நின்று, "உங்கள், இல்லை, நம் இத்தாலிய மொழியில் பிழை விட்டால் திருத்துங்கள்" என்றார். "திருத்துங்கள்" என்ற சொல்லையே பிழையாகச் சொன்னார். சதுக்கம் சிரித்தது. அந்த வருடத்தில் அவர்கள் சிரித்ததாக எனக்குத் தெரிந்த முதல் படம் அது.

#14 காதர் பாய்

பெத்தேகா கோல் அடிச்சப்பவும் சிரிச்சிருப்பாங்க ஐயா.

#15 முத்துவேல்

சிலோனேயை யாரும் தொடவில்லை. ஆகஸ்ட் 22, ஜெனீவாவில் காலமானார். 1915 நிலநடுக்கத்தில் தாயையும் பெரும்பகுதிக் குடும்பத்தையும் இழந்த மலைநாட்டுப் பையன். கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், பிறகு அதைவிட்டு வெளியேற்றப்பட்டவர். தன்னைப் பற்றி "திருச்சபை இல்லாத கிறிஸ்தவன், கட்சி இல்லாத சோஷலிஸ்ட்" என்பார். அப்படிப்பட்டவர், ஒரு போப் போய் இன்னொரு போப் வராத அந்த இடைவெளியில் போய்ச் சேர்ந்தார். பத்திரிகையில் எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்று யோசியுங்கள்.

#16 மீனா சிஸ்டர்

இவ்வளவு நேரமும் சாவையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் மனநல வார்டில் வேலை பார்ப்பவள். எனக்கு 1978 என்றால் மே 13தான். உடல் இல்லாத அந்தச் சடங்கு நடந்த அதே தேதியில் சட்டம் 180 வந்தது. மனநல மருத்துவர் பிராங்கோ பசாலியா பெயரில் சொல்வார்கள். மனநோயாளிகளைப் பூட்டிவைக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் இனிப் புது ஆள் சேர்க்கக்கூடாது, இருப்பவற்றைப் படிப்படியாக மூட வேண்டும் என்ற சட்டம். உலகத்தில் எந்த நாடும் அதுவரை அதைச் செய்யவில்லை. அதற்கு முன்னால் இருந்தது 1904ஆம் வருடத்துச் சட்டம்: தனக்கோ பிறருக்கோ ஆபத்து, இல்லையென்றால் பொது இடத்தில் அசிங்கம், உள்ளே தள்ளு. புதுச் சட்டத்தில் கட்டாயச் சிகிச்சை என்றால் இரண்டு டாக்டர் கையெழுத்து, மேயர் உத்தரவு, 48 மணி நேரத்துக்குள் நீதிபதிக்குத் தகவல்.

நாடே மோரோவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இது எப்படி நுழைந்தது? பழைய சட்டத்தை ரத்துசெய்யச் சொல்லி ஜூன் 11இல் மக்கள் வாக்கெடுப்பு வர இருந்தது. வாக்கெடுப்புக்குப் போனால் கையில் சட்டமே இல்லாமல் போய்விடும் என்று அவசர அவசரமாக, முழுச் சபைக்குக்கூடப் போகாமல், குழுக்களிலேயே நிறைவேற்றினார்கள். ஒன்பது நாள் கழித்துக் கருக்கலைப்புச் சட்டமும், எண் 194, வாக்கெடுப்புப் பயத்தில்தான் வந்தது. இரண்டுக்கும் சுகாதார அமைச்சர் தீனா அன்செல்மி. 17 வயதில் பாசிஸ்ட்டுகளுக்கு எதிராகச் சைக்கிளில் ரகசியச் சேதி கொண்டுபோன பெண், மோரோவின் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிக்காரர். 194இல் கையெழுத்துப் போட்ட அமைச்சர்கள் எல்லாருமே அந்தக் கட்சிதான். மனசுக்குப் பிடிக்காததில் கடமைக்காகப் போட்ட கையெழுத்து.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் வார்டு சாவிக்கொத்து எப்போதும் இடுப்பில் தொங்கும். வீட்டுக்கு வந்து அவிழ்த்து வைத்த பிறகும் அந்த இடம் கனக்கும். அதனால்தான் பசாலியா வேலை பார்த்த திரியெஸ்தே நகரத்து மனநல ஆஸ்பத்திரியின் குதிரை எனக்குப் பிடிக்கும். 1973இல் நோயாளிகளும் கலைஞர்களும் சேர்ந்து காகிதக்கூழில் ஒரு பெரிய நீலக் குதிரை செய்தார்கள். பெயர் மார்க்கோ கவாலோ, அங்கே அழுக்குத் துணி வண்டி இழுத்த நிஜக் குதிரையின் பெயர். ஊர்வலம் போகலாம் என்று தள்ளினால் குதிரை வாசலில் நுழையவில்லை. குதிரையைக் குறைக்கவில்லை, வாசலை உடைத்தார்கள்.

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். வெளியே கவனிக்க ஏற்பாடு இல்லாத ஊர்களில் பாரம் முழுக்க வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்தது. கடைசி ஆஸ்பத்திரிகள் மூட இருபது வருடம் ஆயிற்று. பசாலியாவே சட்டம் வந்த அன்று துள்ளிக் குதிக்காதீர்கள் என்றுதான் சொன்னார். 1980இல் 56 வயதில் போய்விட்டார்.

#17 பலெர்மோ பவானி

மீனா அக்கா, அதே வரிசையிலை இன்னும் ஒண்டு இருக்குது. டிசெம்பர் 23, சட்டம் 833. ஆர் எண்டாலும் வைத்தியம் பாக்கலாம் எண்டு நாட்டுக்கு ஒரே சுகாதார சேவை கொண்டுவந்தது. அதுக்கு முதல், வேலைக்கேத்த காப்புறுதிச் சங்கம், அதுக்கேத்த மருந்து. என்ரை மகள் குறைமாசத்திலை பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ளை கிடந்தபோது ஒருத்தரும் என்னட்டைக் காசு கேக்கேல்லை. 1978 எண்டால் எனக்கு அதுவும் நினைவிலை நிக்கும்.

ஆனால் அந்த டிசெம்பர் 23 எங்கட பலெர்மோக்காரருக்கு வேறை நாள். நடுச்சாமம் தாண்டி, ரோமிலையிருந்து நத்தாருக்கு வீட்டை வந்த சனத்தோடை அலித்தாலியா பிளேன், ஓடுபாதைக்கு எட்டாமல் கடலுக்குள்ளை இறங்கிட்டுது. 129 பேரிலை 108 பேர் முடிஞ்சுது. மிச்சம் 21 பேரைத் தூக்கினது பக்கத்திலை வலை போட்டுக்கொண்டு நிண்ட மீன்பிடி வள்ளக்காரர். பெப்பினோ காணிக்காரரோடை நிண்டு சண்டை பிடிச்ச அதே விமான நிலையம்தான்.

#18 பழையபேப்பர் சேகர்

வினாடி வினா நேற்று முடிந்தது. அறிக்கை சமர்ப்பிக்கிறேன்.

மூன்று போப் கேள்விக்கு நான் வாசித்து முடிக்கும் முன்பே மணி அடித்துவிட்டார்கள். பெர்த்தினி கேள்விக்கு ஒரு ரிட்டையர்ட் தாசில்தார் விடை சொன்னதோடு நிற்காமல், 995 பேரில் 832 ஓட்டு, ஜனாதிபதி மாளிகைக்குக் குடிபோகாமல் பழைய பிளாட்டிலேயே இருந்தவர் என்று விளக்கவுரையும் நடத்தினார். கடைசிக் கேள்வியாக இதைப் போட்டேன்: "1978 மே 9 அன்று இத்தாலியில் அல்தோ மோரோவின் உடல் கிடைத்தது. அதே நாள் விடியற்காலை சிசிலியில் கிடைத்தது யாருடைய உடல்?" எட்டு அணி, ஒருவருக்கும் தெரியவில்லை. தாசில்தாருக்கும் தெரியவில்லை. பெயரைப் பலகையில் எழுதினேன், இரண்டு பிள்ளைகள் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். படம் இணைத்திருக்கிறேன்.

#19 பலெர்மோ பவானி

படம் பாத்தன் அண்ணை. பலகையிலை "இம்பதாத்தோ" எண்டெல்லோ எழுதியிருக்கிறியள். நடுவிலை ஒரு "ஸ்" வரும். அந்தப் பிள்ளையளைக் கண்டால் திருத்தச் சொல்லுங்கோ.

#20 பழையபேப்பர் சேகர்

ஐயோ. சனிக்கிழமை வருவார்கள் அக்கா, சொல்லிவிடுகிறேன்.